ஒரே கொழுகொம்பிற் படர்ந்த கொடி

விழா மலர்க் குழுவினர் நம்மை அணுகி, பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒருங்கே படித்துப் பயன்கொள்ளத்தக்க கட்டுரை ஒன்று தருக என்று கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுதுவோம் என முதலில் எண்ணினோம். தமிழ் கற்பிப்பதே நமது தொழில். வணிகம் நமது துறையன்று. எனினும், உயர்தர வகுப்பில் வணிகம் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற தவணையில் நம்மிடம் கேட்ட வினாவொன்று நமது உள்ளத்தை விட்டு நீங்காதிருந்தது. "ஐயா, ஒரு கம்பனியின் வருவாயெல்லாம் ஒருவரிடமிருந்தே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் போய்விட்டால் அந்தக் கம்பனி பிழைக்குமா?" என்பதே அவ்வினா.

"பிழையாது" என்று நாம் உடனே விடை கூறிவிட்டோம். கொடியைத் தாங்கிய ஒரே கொழுகொம்பு முறிந்தால் கொடி மண்ணில் வீழும் என்னும் உவமையையும் சேர்த்துச் சொன்னோம். மாணவன் மறுமொழி கூறாது சென்றான். அவனுடைய தந்தையார் சிறு தொழிற்சாலை ஒன்றை நடத்துபவர் என்பதையும், அங்கே செய்யப்படும் பொருள் அனைத்தையும் ஒரே நிறுவனமே வாங்குகிறது என்பதையும் நாம் பின்னரே அறிந்தோம். அவன் கேட்டது புத்தக வினாவன்று, வீட்டு வினா. ஆதலின், ஆராயாது சொன்ன விடையை ஆராய்ந்து திருத்துவது நமது கடனாயிற்று.

ஆராய்ந்தபோது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரக்கு விமானக் கம்பனி ஒன்றின் வரலாறு இவ்வினாவுக்கு நேரான எடுத்துக்காட்டாக அமைந்திருக்கக் கண்டோம். அதனை இங்கே முறைப்படக் கூறுவாம்.

கம்பனியின் தோற்றம்

ஒகையோ மாநிலத்தின் கிளின்ரன் மாவட்டத்துக்குத் தலைமை ஊர் வில்மிங்டன். ஏறத்தாழ 12,000 மக்கள் வாழும் சிற்றூர் அது. சுற்றிலும் சோளமும் சோயாவும் விளையும் வயல்கள். அவ்வூரின் அருகே அமெரிக்க விமானப் படையின் தளமொன்று இருந்தது. 1970களின் தொடக்கத்தில் படை அதனைக் கைவிட்டது. 1980 ஆம் ஆண்டில் எயர்போர்ன் என்னும் விரைவுப் பொதிக் கம்பனி, அங்கே இயங்கிவந்த சிறிய விமானக் கம்பனி ஒன்றை வாங்கியதோடு, அத்தளத்தையும் தன்னுடைமை ஆக்கிக்கொண்டது.

எயர்போர்னின் முன்னோர் ஒருவகையில் மலர் வணிகர் என்பது சுவையான செய்தி. ஹவாய்த் தீவுகளின் புதுமலர்களை வாடாமுன் விமானத்திற் கொணர்வதற்கென்று 1946 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் அமைந்த சங்கமும், வேறொரு சரக்குக் கம்பனியும் 1968 ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்ததன் விளைவே எயர்போர்ன். மலரும் கடிதமும் காலந்தாழ்த்தால் மதிப்பிழப்பன. விரைவை விற்கும் தொழில் அது.

அத்தொழில் நடைபெறும் முறையை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. நாடெங்கும் பகலிற் சேர்க்கப்படும் பொதிகள், இரவு தொடங்கியதும் பல நகரங்களிலிருந்து விமானங்களில் ஒரே மையத்துக்கு வந்து சேரும். நள்ளிரவில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் அவற்றை இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, மீண்டும் ஏற்றுவர். விடியுமுன் விமானங்கள் வந்த வழியே திரும்பும். காலையிற் பொதி உரியவர் கைக்குச் சேரும். வில்மிங்டன் இத்தகைய மையமாயிற்று. ஊர் உறங்கும் வேளையில் விமானத் தளம் விழித்திருந்தது. உழவர் பலர் பகலில் வயலிலும் இரவிற் பொதியிடையிலும் உழைத்தனர்.

எயர்போர்ன் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற கம்பனி. பயணிகள் சேவையிற் பறந்து முடித்த விமானங்களையே அது வாங்கும். அவற்றின் பக்கச் சுவரை வெட்டிப் பெரிய சரக்குக் கதவு அமைத்தற்குச் செலவு மிகுதி. ஆகவே, பயணிகள் ஏறும் வாயிலினூடாகவே நுழையத்தக்க சிறிய பெட்டிகளைச் செய்வித்து, அவற்றிற் பொதிகளை அடுக்கியது. போயிங் 767 வகை விமானங்களும் இவ்வாறே பயன்பட்டன. அன்று இச்செயல் அறிவுடைமையாகவே தோன்றியது. பிற்காலத்தில் இதுவே ஓர் இடராயிற்று என்பதை மேலே காண்போம்.

ஒருவர்க்கே உழைத்த காலம்

2003 ஆம் ஆண்டில், ஜேர்மன் அஞ்சல் நிறுவனத்துக்குச் சொந்தமான டி. எச். எல். என்னும் உலகப் பொதிக் கம்பனி, எயர்போர்னை ஏறத்தாழ ஒரு பில்லியன் டொலருக்கு வாங்கியது. ஆயின் அமெரிக்கச் சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. அந்நாட்டு விமானக் கம்பனியொன்றின் வாக்குரிமையில் நான்கில் மூன்று பங்கு அந்நாட்டவரிடமே இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம். எனவே, தரையிலுள்ள வண்டிகளும் வாடிக்கையாளர் பட்டியலும் டி. எச். எல். கைக்குச் சென்றன. விமானங்களும் விமானிகளும் அடங்கிய பகுதி ஏ. பி. எக்ஸ். எயர் என்னும் பெயரோடு தனிக் கம்பனியாகப் பிரிந்து நின்றது.

பிரிந்தது பெயரளவில்தான். புதுக் கம்பனிக்கு நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் இருந்தன. பல்லாயிரம் தொழிலாளர் இருந்தனர். வாடிக்கையாளரோ ஏறத்தாழ ஒருவரே. நூறு டொலர் வருவாயில் தொண்ணூறு டொலருக்கு மேல் டி. எச். எல். தந்ததாகும். பொதியின் மீது கம்பனியின் பெயர் இல்லை. அனுப்புவோர்க்கு அதன் பெயர் தெரியவும் தெரியாது. மேலும், பிரிவினையின்போது ஏறத்தாழ 90 மில்லியன் டொலர் வாக்குறுதிச் சீட்டு ஒன்றின்வழி, அக்கம்பனி தன் ஒரே வாடிக்கையாளருக்கே கடனாளியாகவும் நின்றது.

இனி, கூலிக் கணக்கைப் பார்ப்போம். டி. எச். எல். கொடுத்த கூலி, செலவோடு சிறு மிகுதி சேர்க்கும் முறையில் அமைந்தது. மிகுதி கணக்கிடப்படும் செலவு 100 டொலராயின், அடிப்படை மிகுதி 1 டொலர் 75 சதம். சிக்கனமாகவும் தவறின்றியும் வேலை செய்தால் இன்னுஞ் சிறிது கிடைக்கும். மாணவர் இதனைக் கூர்ந்து நோக்குக. செலவு எவ்வளவாயினும் அது திரும்பி வந்துவிடும் என்பதால் நட்ட அச்சம் இல்லை. ஆயின் பெருக வழியும் இல்லை. நூறு கோடி டொலர் செலவிட்டுச் செய்யும் வேலைக்கு அடிப்படை ஊதியம் ஒருகோடியே எழுபத்தைந்து இலட்சம் டொலர் மாத்திரமே. அமைதியான குளத்தில் நிற்பது போன்ற நிலை அது. குளத்தின் மடை பிறர் கையில் இருந்தது.

இடி வீழ்ந்த ஆண்டு

டி. எச். எல்.லின் அமெரிக்க முயற்சி தழைக்கவில்லை. அந்நாட்டின் உள்ளூர்ப் பொதி வணிகம் யூ. பி. எஸ்., பெடெக்ஸ் என்னும் இரு பெருங் கம்பனிகளின் பிடியில் இருந்தது. மூன்றாமவராக நுழைந்தவர் அவர்களுக்கு நிகராக வண்டியும் விமானமும் ஓட்டவேண்டும். பொதியோ அவர்களுடைய அளவில் ஒரு சிறு பகுதியே கிடைக்கும். வெறுமையாகப் பறக்கும் விமானத்துக்கும் நிறைந்து பறக்கும் விமானத்துக்கும் எரிபொருட் செலவிற் பெரிய வேறுபாடில்லை. 2005 ஆம் ஆண்டில் டி. எச். எல். தன் பழைய மையத்தை மூடி, எல்லாவற்றையும் வில்மிங்டனில் ஒன்றுசேர்த்தபோது, பொதிகள் தேங்கி வாடிக்கையாளர் பலர் வெறுப்புற்றனர். நட்டம் பில்லியன் கணக்கிற் பெருகியது.

2008 மே மாதத்தில், தன் விமானப் போக்குவரத்தைப் போட்டியாளராகிய யூ. பி. எஸ்.ஸிடமே ஒப்படைக்க எண்ணியிருப்பதாக டி. எச். எல். அறிவித்தது. வில்மிங்டன் திகைத்தது. அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டாதலால், வேட்பாளர் இருவரும் இவ்வூரைப் பற்றிப் பேசினர். பேச்சு வணிகத்தின் போக்கை மாற்றவில்லை. நவம்பர் 10 ஆந் திகதி, உள்ளூர்ப் பொதிச் சேவையை முற்றாக நிறுத்துவதாகவும், முன்னர் அறிவித்ததற்கு மேலாக இன்னும் 9,500 வேலைகள் நீங்கும் என்றும் அறிவிப்பு வந்தது. 2009 ஜனவரி 30 ஆந் திகதியோடு அச்சேவை முடிந்தது. வெளிநாட்டுப் பொதிச் சேவை மாத்திரம் எஞ்சியது. அதன் மையமும் அவ்வாண்டிலேயே வில்மிங்டனை விட்டு, சின்சினாற்றி நகருக்கு அண்மையில் கென்ரக்கி மாநிலத்திலுள்ள பழைய இடத்துக்குத் திரும்பியது. யூ. பி. எஸ்.ஸுடன் நடந்த பேச்சும் உடன்பாடின்றி முடிவுற்றது.

கம்பனியின் பங்கு ஒன்றின் விலை ஒரு டொலருக்குங் கீழே வீழ்ந்தது. சந்தையிலுள்ளோர் அதனை இறந்ததாகவே கணக்கிட்டனர். நாம் மாணவனுக்குச் சொன்ன விடையையே அவர்களும் சொல்லினர் என்க.

பிழைத்த வழி

ஆயின் கம்பனி இறக்கவில்லை. காரணங்களை நான்காக வகுத்துரைப்போம்.

முதலாவது, இரண்டாவது கொழுகொம்பை அது இடருக்கு முன்னரே நட்டிருந்தது. 2007 டிசம்பர் 31 ஆந் திகதி, வேறு இரு சரக்கு விமானக் கம்பனிகளையும் விமானக் குத்தகைத் தொழில் ஒன்றையும் கொண்டிருந்த குழுமமொன்றை ஏறத்தாழ 340 மில்லியன் டொலருக்கு அது வாங்கியது. அதனால் வேறு சரக்குக் கம்பனிகளின் வேலையும் அமெரிக்கப் படைத்துறையின் வேலையும் கைவந்தன. 2008 மே மாதத்தில் முழுக் குழுமமும் எயர் ட்ரான்ஸ்போர்ட் சேர்விசஸ் குறூப் என்னும் புதுப்பெயர் பூண்டது. டி. எச். எல்.லின் முதல் அறிவிப்பும் அதே மாதத்தில் வந்தது. வாங்கிய விலையின் பெரும்பகுதி கடன். இடி வீழ்ந்தபோது அக்கடன் பெருஞ்சுமையாயிற்று. ஆயினும், ஓராண்டு தாழ்த்திருந்தால் அக்கடனை யாரும் கொடுத்திரார், அக்கொம்பும் கிடைத்திராது.

இரண்டாவது, பிறர்க்கும் வேண்டப்படும் உடைமை அதனிடம் இருந்தது. கம்பனியின் விமானங்கள் மூவகை: டி. சி. 8, டி. சி. 9, போயிங் 767. முதலிரண்டும் பழையன. டி. சி. 8 நான்கு இயந்திரங்களும் மூன்று விமான ஓட்டுநரும் வேண்டுவது. டி. சி. 9 சிறியது; இரவுப் பொதித் தொழில் ஒழிந்தபின் அதனைக் கேட்பார் இல்லை. போயிங் 767 அவ்வாறன்று. இரண்டு இயந்திரம், இரண்டு ஓட்டுநர், நடுத்தர அளவு, கடல் கடக்கும் ஆற்றல். உலகெங்கும் அதற்குத் தேவை இருந்தது. குறை ஒன்றே: முன்னர்க் கூறிய சிறு வாயில். சிறிய பெட்டிகளைப் பயன்படுத்துவோர் உலகில் வேறு யாருமில்லை. எயர்போர்ன் காலத்தில் மீதப்படுத்திய செலவு இப்போது செய்யவேண்டியதாயிற்று. ஒரே வாடிக்கையாளரின் அளவுக்கு வெட்டிய சட்டை பிறர்க்குப் பொருந்தாது அன்றோ? கம்பனி அவ்விமானங்களை இஸ்ரேல் நாட்டு விமானத் தொழிற்சாலைக்கு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, பெரிய சரக்குக் கதவு அமைப்பித்தது. இவ்வேலை இடருக்கு முன்னரே தொடங்கப்பட்டிருந்தமை நற்காலமாயிற்று. கையிற் பணம் அருகிய காலத்திலும் அவ்வேலையை நிறுத்தாது தொடர்ந்ததே கம்பனியின் துணிவு.

மூன்றாவது, பிரிவைப் பகையாக்காது கணக்காக்கியது. ஒப்பந்தம் முடியும்போது வேலையிழப்போர்க்குக் கொடுக்கவேண்டிய தொகைகளிற் பெரும்பகுதியை டி. எச். எல். ஏற்றுக்கொள்ளச் செய்தது. பெரிய வாக்குறுதிச் சீட்டும் பேசித் தீர்க்கப்பட்டு 31 மில்லியன் டொலராகக் குறைந்தது. அதுவும் பின்வந்த ஐந்தாண்டு வேலையோடு ஆண்டுதோறும் கழிந்துவிடும் என உடன்பாடாயிற்று. கோபத்திற் கதவை அறைந்து சாத்தியிருந்தால் அடுத்து நாம் கூறப்போவது நிகழ்ந்திராது.

நான்காவது, தொழிலின் தன்மையையே மாற்றிக்கொண்டது. டி. எச். எல். உள்ளூர்ச் சேவையை நிறுத்தியபோதும், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பொதிகளை அமெரிக்க நகரங்களுக்கு எடுத்துச் செல்ல விமானம் வேண்டியிருந்தது. 2010 மார்ச்சு மாத இறுதியில், 13 போயிங் 767 விமானங்களை ஏழாண்டுக் குத்தகைக்கு டி. எச். எல். பெற்றுக்கொண்டது. அவற்றை ஐந்தாண்டு இயக்கும் பொறுப்பு ஏ. பி. எக்ஸ். எயருக்கே கிடைத்தது. முன்னர் விமானம், ஓட்டுநர், பராமரிப்பு, காப்புறுதி யாவும் ஒரே கூலியில் அடங்கியிருந்தன. இப்போது விமானத்துக்குக் குத்தகை வேறு. ஓட்டுநர், பராமரிப்பு, காப்புறுதி ஆகியவற்றுக்குக் கூலி வேறு. வேலை குறைந்து விமானம் நிலத்தில் நின்றாலும் குத்தகைப் பணம் மாதந்தோறும் வரும். வண்டியோட்டிய கம்பனி வண்டியின் சொந்தக்காரனாயிற்று.

ஒப்பிட்டு நோக்கத்தக்க இரண்டு

பிழைத்த ஒன்றை மாத்திரம் கண்டு எல்லாரும் பிழைப்பர் என முடிவு செய்தல் தவறு. இதே டி. எச். எல்.லுக்கு உழைத்த இன்னொரு கம்பனி அஸ்ரார் எயர் கார்கோ. அதன் வேலையும் ஏறத்தாழ முழுவதும் டி. எச். எல்.லைச் சார்ந்ததே. அது இறுதிவரை பறக்கவிட்டவை பழைய டி. சி. 8 விமானங்கள். டி. எச். எல். அவ்வேலையையும் முடித்தபோது, 2012 ஆம் ஆண்டில் அஸ்ரார் தன் பறப்பையெல்லாம் நிறுத்தியது. வாடிக்கையாளரும் ஒருவரே, இழப்பும் ஒன்றே. ஒன்று வாழ்ந்தது, மற்றது மறைந்தது. வேற்றுமை, பிறர் விரும்பும் விமானமும் இரண்டாவது வாடிக்கையாளரும் இருந்தமையும் இல்லாமையுமே.

மற்றோர் ஒப்பு பெடெக்ஸ். அமெரிக்க அஞ்சல் திணைக்களம் இருபதாண்டுக்கு மேலாகத் தன் விரைவு அஞ்சலைப் பெடெக்ஸ் விமானங்களில் அனுப்பியது. பெடெக்ஸின் விமானப் பிரிவுக்கு அதுவே மிகப்பெரிய வாடிக்கையாளர். 2024 செப்ரெம்பரில் அவ்வொப்பந்தம் முடிந்து, வேலை யூ. பி. எஸ்.ஸுக்குச் சென்றது. பெடெக்ஸ் விமானப் பறப்புகளைக் குறைத்துச் செலவைச் சுருக்கவேண்டியதாயிற்று, எனினும் நிலைகுலையவில்லை. அவ்வருவாய் முழுக் கம்பனியின் வருவாயில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டே. "மிகப்பெரிய வாடிக்கையாளர்" என்னுந் தொடர் ஒன்றாயினும், நூற்றுக்கு இரண்டும் நூற்றுக்குத் தொண்ணூறும் ஒன்றல்ல. சொல்லை மட்டும் கொள்ளாது அளவையும் கேட்டறிதல் வேண்டும். மொழி ஆசிரியராகிய நாம் இதனை அழுத்திக் கூறுதல் பொருத்தமே.

ஊரின் கதை

இதுகாறும் கம்பனியின் கதை. இனி ஊரின் கதையைக் கூறாது விடுதல் நேர்மையன்று.

விமானம் பறக்கவல்லது. வில்மிங்டனில் வேலையிழந்தால் வேறிடத்தில் வேலை செய்யும். பொதி பிரித்த தொழிலாளியின் வீடு பறக்கவல்லதன்று. டி. எச். எல்., ஏ. பி. எக்ஸ். முதலியவற்றில் வேலை செய்த ஏறத்தாழ எட்டாயிரம் பேர் அங்கே வேலையிழந்தனர். கிளின்ரன் மாவட்டத்தின் மொத்த மக்களே நாற்பத்தீராயிரம் அளவினர் என்பதை நினைந்தால் இவ்விழப்பின் பருமை விளங்கும். வேலையில்லாதோர் தொகை, வேலை செய்யத்தக்க நூற்றுவருள் பதினைவரைக் கடந்தது. கணவனும் மனைவியும் ஒரே தளத்தில் வேலை செய்த குடும்பங்கள் இரு வருவாயையும் ஒரே நாளில் இழந்தன. பல்லாயிரம் தொழிலாளரைக் கொண்டிருந்த கம்பனி, முழுக் குழுமத்தையும் சேர்த்து ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அளவுக்குச் சுருங்கியது. கம்பனி பிழைத்தது என்பதன் பொருள், அதில் இருந்தோர் யாவரும் பிழைத்தனர் என்பதன்று.

எனினும் ஊர் வாளாவிருக்கவில்லை. அவ்வூரிற் பிறந்து, வெளிநாட்டுத் தொண்டுப் பணியில் நாட்டங்கொண்டிருந்த இளைஞர் இருவர் இடருக்காலத்தில் ஊரிலேயே தங்கி, ஊர்க்கடைகளிலேயே வாங்குக என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். டி. எச். எல். கைவிட்ட விமானத் தளத்தை விற்கவோ சிதைக்கவோ விடாது, 2010 ஆம் ஆண்டில் மாவட்டத்தின் துறைமுக அதிகார சபை நன்கொடையாகப் பெற்றுக்கொண்டது. ஒரு கம்பனியின் உடைமையாயிருந்த ஓடுபாதை ஊரின் உடைமையாயிற்று. அதனை ஒருவர்க்கன்றிப் பலர்க்கு வாடகைக்கு விடும் உரிமையும் ஊருக்கு வந்தது. விமானக் குழுமமும் வாடகையாளராக அங்கேயே தங்கியது.

மீண்டும் படர்ந்த கொடி

குழுமத்தின் சோதனை அத்தோடு முடியவில்லை. 2007 இல் வாங்கிய கம்பனிகளோடு வந்த பெரிய வாடிக்கையாளரான ஷெங்கர் என்னும் ஜேர்மன் சரக்கு நிறுவனம், 2011 ஆம் ஆண்டில் அமெரிக்க உள்ளூர்ச் சரக்கை விமானத்தினின்று லொறிகளுக்கு மாற்றியது. நட்ட இரண்டாவது கொம்பும் நான்காண்டில் முறிந்தது. ஆயின் இம்முறை திகைப்பு இல்லை. டி. சி. 8 முதலிய பழைய விமானங்கள் ஓய்வு பெற்றன. 767 விமானங்கள் வேறு குத்தகைக்காரரிடம் சென்றன.

2015 செப்ரெம்பரில், அந்த வில்மிங்டன் தளத்திலேயே புதியதொரு முயற்சி சோதனையாகத் தொடங்கியது. யாருக்காக என்று முதலில் வெளியிடப்படவில்லை. 2016 மார்ச்சில் உண்மை வெளிப்பட்டது. இணையவழி வணிகத்தில் முதன்மை பெற்ற அமேசான், இருபது போயிங் 767 விமானங்களைக் குழுமத்திடம் குத்தகைக்கு எடுத்தது. அன்றியும், குழுமத்தின் பங்குகளில் 19.9 நூற்றுவீதம் வரை, பங்கொன்று 9 டொலர் 73 சதத்துக்கு வாங்கும் உரிமையும் பெற்றது. ஒரு டொலருக்குங் கீழே கிடந்த பங்கின் நிலை அவ்வளவுக்கு உயர்ந்திருந்தது. 2018 ஆம் ஆண்டில், படைவீரரை ஏற்றிச் செல்லும் பயணிகள் விமானக் கம்பனியொன்றையும் குழுமம் 845 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2025 ஏப்ரலில் ஸ்ரோன்பீக் என்னும் முதலீட்டு நிறுவனம், பங்கொன்றுக்கு 22 டொலர் 50 சதம் கொடுத்து முழுக் குழுமத்தையும் தனதாக்கிக்கொண்டது. கடன் உட்பட மதிப்பு 3.1 பில்லியன் டொலர்.

இங்கும் கண்ணை மூடிப் பாராட்டுதல் கூடாது. அமேசான் தன் தலைமை விமான மையத்தை வில்மிங்டனில் அமைக்கும் என்று ஊரார் எதிர்பார்த்தனர். 2017 ஆம் ஆண்டில் அது கென்ரக்கியைத் தெரிந்தது. 2021 இல் மையம் அங்கே திறக்கப்பட்டது. வில்மிங்டனுக்குக் கிடைத்தது, 2019 இல் வந்த கிளை மையமே. குழுமமும் அமேசான், படைத்துறை, டி. எச். எல். என்னும் மூவரிடமிருந்தே வருவாயின் பெரும்பகுதியைப் பெற்றது. ஒரு கொம்பு மூன்றாயிற்று, முப்பதாகவில்லை. சரக்கு விமானத் தொழிலில் பெரிய வாடிக்கையாளர் சிலரே. அவரை நீக்கித் தொழில் செய்தல் இயலாது. அவரை இழக்கும் நாளுக்காக ஆயத்தமாயிருத்தலே இயலும்.

கொள்ளத்தக்க பாடங்கள்

மேற்கூறியவற்றிலிருந்து மாணவர் மனத்திற் கொள்ளவேண்டியவற்றைச் சுருக்கித் தருவாம்.

ஒன்று: வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பதோடு, ஒவ்வொருவரும் நூற்றுக்கு எத்தனை தருகின்றார் என்பதையும் ஆண்டுதோறும் எழுதிப் பார்க்க வேண்டும்.

இரண்டு: நட்டமில்லாக் கூலி பாதுகாப்பாகாது. அது நாளைய வருவாய்க்கு உறுதி கூறுவதன்று.

மூன்று: ஒருவர்க்கு மாத்திரம் பொருந்தும் கருவியிலும் பலர்க்குப் பொருந்தும் கருவியிலே முதலிடுதல் நன்று. சிறுவாயில் விமானத்தின் கதை இதற்குச் சான்று.

நான்கு: இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடும் காலம் முதலாமவர் மகிழ்ச்சியோடு இருக்கும் காலமே. அவர் போனபின் வங்கியும் கடன் தராது. புதியவரும் நம்பி வாரார்.

ஐந்து: போகின்ற வாடிக்கையாளரோடு கணக்கை நேர்மையாக முடித்தல் வேண்டும். அவர் வேறொரு வாயிலால் மீண்டும் வரக்கூடும்.

ஆறு: தொழில் நடத்துவோர் தம்மை நம்பிய தொழிலாளரையும் ஊரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். பறக்கவல்லதும் வேரூன்றியதும் ஒரே தீங்கால் ஒரே அளவில் வருந்துவதில்லை.

முடிவுரை

இக்கட்டுரையின் கரட்டுப் பிரதியை அம்மாணவனிடமே முதலிற் கொடுத்தோம். "பிழையாது என்று அன்று சொன்னோம். அது தவறு. பிழைக்கும் என்று இன்று சொன்னாலும் அது முழு விடையாகாது. உன் தந்தையார் வைத்திருக்கும் இயந்திரங்களால் வேறொருவருக்கு வேண்டிய பொருளைச் செய்ய முடியுமா என்று அவரிடம் கேள். அதற்கு அவர் கூறும் மறுமொழியில் உன் வினாவுக்கு விடை இருக்கிறது" என்றோம்.

மறுவாரம் அவன் வந்தான். தந்தையாரும் தானும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தொழிற்சாலையில் இருந்து, இயந்திரங்களை ஒவ்வொன்றாகக் குறித்துப் பட்டியல் எழுதியதாகக் கூறினான். பட்டியலில் உள்ள ஏழு இயந்திரங்களுள் ஐந்து வேறு வேலைக்கும் ஆகுமாம், இரண்டு ஆகாவாம். அவ்விரண்டும் அந்நிறுவனம் கேட்டுக்கொண்டதற்காகக் கடன்பட்டு வாங்கியவை என்றான். கொள்வனவு இன்னும் குறைவின்றி நடைபெறுகின்றது. ஆகவே இதுவே தக்க காலம் என்று கூறி அனுப்பினோம்.

நமது கல்லூரியின் பழைய மாணவருள் வணிகத் துறையில் நிற்போர் பலர். அவர்களும் தத்தம் தொழிலில் இத்தகைய பட்டியல் ஒன்றை எழுதிப் பார்ப்பாராயின், இம்மலரில் நமக்கு அளிக்கப்பட்ட பக்கங்கள் பயன்பட்டனவாகும்.

பயிற்சி வினாக்கள்

1. செலவோடு மிகுதி சேர்த்துக் கூலி பெறும் முறையின் நன்மை தீமைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. ஏ. பி. எக்ஸ். எயர் பிழைத்தமைக்கும் அஸ்ரார் மறைந்தமைக்கும் காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.

3. "கம்பனி பிழைத்தது, ஊர் வருந்தியது." இக்கூற்றை ஆராய்க.

4. உமது ஊரில் ஒரே கொள்வனவாளரை நம்பி நடைபெறும் தொழில் ஒன்றைக் கண்டறிந்து, அதன் உடைமைகளுள் பிறர்க்கும் பயன்படத்தக்கவை எவை எனப் பட்டியல் இடுக.